காட்டை வரைஞ்சா பச்சைச் சுவரு மாதிரி நிக்குது, அந்த வெளிச்சமும் தனிமையும் எப்படிக் கொண்டு வர்றது?

மேக்ரிச்சி_காலை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போவேன், இப்பத்தான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் ஷிஃப்ட் வேலை பாக்குறவ. வரையக் கிடைக்கிறது ராத்திரியும் லீவு நாளும்தான். ரெண்டு வருஷமா அக்ரிலிக்ல காடு மட்டும்தான் வரையறேன், வேற எதுவும் வரையத் தோணல. லீவு அன்னிக்கு காலையில ஏழு மணிக்கே சிங்கப்பூர் மேக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுக்குப் போயிடுவேன், அப்பத்தான் வெளுக்கும். தண்ணியோரமா நடந்து உள்ள போனா ஒரு வளைவுல பெரிய மரம் ஒண்ணு, வேரெல்லாம் பலகை பலகையா விரிஞ்சு இடுப்பு உயரத்துக்கு நிக்கும். எட்டரை மணி வாக்குல எங்கேர்ந்தோ ஒரு கீத்து வெளிச்சம் எறங்கி அந்த வேரோட விளிம்புல மட்டும் விழும், அதுல ஒட்டியிருக்கிற பாசி மஞ்சப் பச்சையா எரியும், சுத்தி எல்லாமே இருட்டு. அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் போயிடும். அந்த நேரத்துல தன்னந்தனியா நிக்கிறேன், தூரத்துல எக்ஸ்பிரஸ்வே இரைச்சல் கேட்டுக்கிட்டே இருக்கு, ஆனாலும் மனசு அப்படியே அடங்கிடுது. பயமும் இல்ல, ஏக்கமும் இல்ல. அதத்தான் வரையணும்னு பாக்குறேன், வரவே மாட்டேங்குது.

நாலு தடவ வரைஞ்சுட்டேன். நாலும் கீரைக்கட்டை அடுக்கி வச்ச மாதிரி ஒரே பச்சை. வெளிச்சத்துக்கு வெள்ளையும் மஞ்சளும் கூட்டக் கூட்ட சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் போகுது. மரப்பட்டை சொரசொரப்புக்கு மாடலிங் பேஸ்ட் வாங்கி கேன்வாஸ் முழுக்கப் பூசினேன், சிமெண்ட் பூசின சுவரு மாதிரி ஆயிடுச்சு. நான் போற வகுப்புல டீச்சர், முதுகு காட்டி நிக்கிற மாதிரி ஒரு ஆளப் போடுங்க, தனிமை தானா வந்துரும்னாங்க. போட்டேன். வந்தது சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கு, நான் நின்ன இடம் அது இல்ல.

இங்க காட்டை வரையறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எங்க தப்பு பண்றேன்?

பழைய_தூரிகை:

ம்மா, உங்க கேள்விக்குள்ளயே பதில் இருக்கு. "சுத்தி எல்லாமே இருட்டு"ன்னு நீங்களே எழுதிட்டீங்க. படத்துல அந்த இருட்டுக்கு எவ்வளவு இடம் கொடுத்தீங்க? கால்வாசி கூட இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல ஆயில்ல வரையறேன், காட்டுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், வெளிச்சத்த வரைய முடியாது, இருட்டத்தான் வரைய முடியும், வெளிச்சத்துக்குக் கொஞ்சம் இடம் விடணும். மழைக்காட்டுல உச்சிக் கிளையில விழுற வெயில்ல நூத்துக்கு ரெண்டு பங்கு தரைக்கு வந்து சேந்தாலே பெருசு. நம்ம கண்ணு அதுக்குப் பழகிடுறதால இருட்டுன்னே தெரியிறதில்ல. போன்ல எடுத்த படம் இன்னும் மோசம், அது நிழலையெல்லாம் தானா தூக்கி விட்டுடும், ஒவ்வொரு இலையும் தெரியும். நீங்க போட்டோவ வச்சு வரையறீங்கன்னா பச்சைச் சுவரு அங்கதான் ஆரம்பிக்குது. இடத்துலயே நின்னு பென்சில்ல ஒரு சின்ன கட்டத்துல கறுப்பு, நடுத்தரம், வெளுப்புன்னு மூணே அளவுல பிரிச்சுக் கிறுக்கிட்டு வாங்க, அஞ்சு நிமிஷம் அதுக்குத் தாராளம்.

அப்புறம் வெள்ளை கேன்வாஸ்ல தொடங்காதீங்க. பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) அல்ட்ராமரீனும் (அடர்நீலம்) கலந்து கேன்வாஸ் முழுக்க மெல்லிசா பூசிக் காய விடுங்க. டியூப்ல வர்ற பச்சைய அப்படியே வைக்கவே வைக்காதீங்க, அல்ட்ராமரீனோட எல்லோ ஓக்கர்ங்கிற மண்மஞ்சள் கலந்தா ஒரு அழுக்குப் பச்சை வரும், காட்டுல முக்கால்வாசி அதுதான். சாப் கிரீன் வச்சிருந்தா பர்ன்ட் சியன்னா ஒரு துளி போட்டு அடக்குங்க. அந்த எரியிற மஞ்சப் பச்சைய கடைசி வரைக்கும் தொடாம வச்சிருந்து, எல்லாம் முடிஞ்ச பிறகு கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு எடத்துல வைங்க. ரெண்டாவது எடத்துல வச்சீங்கன்னா முதல் எடம் செத்துடும். அக்ரிலிக் காஞ்சா ஒரு படி கருக்கும்ங்கிறதையும் கணக்குல வச்சுக்குங்க.

ஆள் போடுறதப் பத்தி. ரஷ்யாக்காரர் ஷிஷ்கின், 1889ல வரைஞ்ச பைன் காட்டுக் காலை படம் நீங்க பாத்திருப்பீங்க, கரடிக்குட்டிங்க ஏறி விளையாடுமே, அதுதான். அந்தக் கரடிங்கள வரைஞ்சது அவரு இல்ல, சாவிட்ஸ்கின்னு கூட்டாளி ஒருத்தர். கரடிகள உள்ளங்கையால மறைச்சுட்டுப் பாருங்க. முறிஞ்ச மரம், பின்னால பள்ளத்துல தேங்கி நிக்கிற மூடுபனி, மேல் கிளையில மட்டும் தொட்டுட்டுப் போற வெயில், படம் அப்பவும் அப்படியே நிக்குது. எனக்குக் கேட்டா மறைச்ச பிறகுதான் அது காடாவே ஆகுது.

முடிஞ்சா சிங்கப்பூர் நேஷனல் கேலரி போய் ஜாவாக்காரர் ராடன் சாலேயோட காட்டுத்தீ படத்துக்கு முன்னால அரை மணி நேரம் உக்காருங்க. 1849ல வரைஞ்சது, 3 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 4 மீட்டர் அகலம். தீ துரத்தி வந்து புலியும் மானும் காட்டு மாடும் பாறை விளிம்புல முட்டிக்கிட்டு நிக்குதுங்க. உங்க காட்டுக்கு நேர் எதிர், அங்க வெளிச்சம்னா சாவு. ஆனா அந்த ஆரஞ்சு எப்படி எரியுதுன்னு கிட்டப் போய்ப் பாருங்க, சுத்தி எவ்வளவு பெரிய இடத்தப் பழுப்பாவும் கறுப்பாவும் விட்டிருக்காருன்னு தெரியும்.

வட்ட_வெயில்:

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். நான் ஓவியர் இல்ல, பள்ளிக்கூடத்துல இயற்பியல் சொல்லிக் கொடுக்குறவன், ஞாயித்துக்கிழமை மட்டும் வாட்டர்கலர்.

தரையில விழுற வெயில் பொட்டுகள நெறைய பேரு இலை வடிவத்துல, இல்லன்னா கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்கூரா வரையறாங்க. நெசத்துல அது வட்டம். இலைகளுக்கு நடுவுல இருக்கிற ஓட்டை எந்த வடிவத்துல இருந்தாலும் ஊசித்துளை கேமரா மாதிரி வேலை செய்யும், கீழ விழுறது சூரியனோட பிம்பம். துளை 10 மீட்டர் உயரத்துல இருந்தா கீழ விழுற வட்டம் சுமார் 9 சென்டிமீட்டர், 20 மீட்டர்ல இருந்தா அதுக்கு ரெண்டு மடங்கு, ஆனா அவ்வளவுக்கு மங்கலும் ஆயிடும். ஓரமெல்லாம் கரைஞ்சு மெத்துன்னு இருக்கும். ரெண்டு மூணு வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற எடம்தான் பளிச்சுன்னு தெரியும்.

இத நான் புத்தகத்துலதான் படிச்சிருந்தேன், கண்ணால பாத்தது 26 டிசம்பர் 2019. வளைய சூரிய கிரகணம், சிங்கப்பூர்லயே தெரிஞ்சுதே. மதியம் ஒரு மணிக்கு எங்க புளோக்குக்குக் கீழ தூங்குமூஞ்சி மரத்தடியில நின்னேன், மேகம் வெலகுனதும் சிமெண்ட் தரை முழுக்கப் பிறை பிறையா விழுந்து கெடக்கு. நூத்துக்கணக்குல. மார்க்கெட் பைய கையில வச்சுக்கிட்டு ஒரு சீனப் பாட்டி பக்கத்துல நின்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அன்னையிலேர்ந்து நான் வெயில் பொட்டைக் கூரா வரைஞ்சதே இல்ல.

உங்க மரத்துக்கு இது எப்படி உதவும்னா, எட்டரை மணிக்கு வெயில் சாய்வா வரும், அதனால தரையில விழுறது நீள்வட்டம், ஆனா செங்குத்தா நிக்கிற வேர்ல விழுறது கிட்டத்தட்ட வட்டமாவே இருக்கும். ரெண்டையும் வேற வேற வடிவத்துல வைங்க, பாக்குறவங்களுக்கு ஏன்னு தெரியாது, ஆனா வேரு நிமிர்ந்து எழுந்து நிக்கிறது தெரிஞ்சுடும். இன்னொண்ணு, வெளிச்சக் கீத்து காத்துல தெரியணும்னா பனியோ ஈரமோ இருக்கணும், மழை விட்ட மறுநாள் காலையில தெரியும், காஞ்ச நாள்ல தெரியாது. எல்லாப் படத்துலயும் கோடு கோடா இழுத்துடாதீங்க.

டெம்புசு_பட்டை:

மாடலிங் பேஸ்ட் முழுக்கப் பூசினேன்னு படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு, நானும் இதே தப்ப ஒரு வருஷம் செஞ்சேன்க்கா. 😔

நாம காட்டுல எல்லா சொரசொரப்பையும் பாக்குறோமா? இல்ல. வெளிச்சம் பக்கவாட்டுல தடவிட்டுப் போற எடத்துல மட்டும்தான் பட்டை தெரியும், நிழலுக்குள்ள போனதும் அது வெறும் இருட்டு. அதனால இருட்டெல்லாம் மெல்லிசா, வழவழன்னு, கேன்வாஸ் நெசவு தெரியிற அளவுக்கு இருக்கணும், வெளிச்சம் படுற எடம் மட்டும் தடிமனா. பெயின்ட் தடிமனா இருந்தா அந்த மேட்டுல அறை விளக்கே பட்டு மினுங்கும், பாதி வேலைய அது செஞ்சுடும்.

வான் கோ 1882ல ஹேக் நகரத்துல இருந்தப்ப காட்டை வரையப் போயி தம்பி தியோவுக்கு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. தரைய நல்லா தடிமனா பூசிட்டாரு, அது பிசுபிசுன்னு ஆயிடுச்சு, அதுக்கு மேல மரத்த தூரிகையால வைக்கப் போனா கோடு தரைக்குள்ள முழுகிக் காணாமப் போகுது. அதனால வேரையும் அடிமரத்தையும் டியூப்லேர்ந்து நேரா பிதுக்கி வச்சுட்டு தூரிகையால கொஞ்சம் உருவம் கொடுத்தாராம். இதப் படிச்சதும் எனக்கு வேற மாதிரி ஒண்ணு தோணுச்சு. அவரு மரத்த வரையல, நட்டிருக்காரு. நீங்களும் அந்தப் பலகை வேரோட விளிம்ப மட்டும் அப்படி வச்சுப் பாருங்க. ஒரே இழுப்பு, திருத்தாதீங்க.

பட்டைய கைக்குப் பழக்கணும்னா பொட்டானிக் கார்டன்ஸ் போங்க, அஞ்சு வெள்ளி நோட்டுல இருக்கிற அந்த டெம்புசு. ஆழ ஆழமா நெடுக்க வெடிச்சிருக்கும். நான் பேப்பர வச்சு கரித்துண்டால தேய்ச்சு அச்சு எடுக்கலாமான்னு நெனைச்சேன், அந்த மரத்துக்கு வேலி போட்டு வச்சிருக்காங்க, அதனால வேற டெம்புசுல தேய்ச்சேன். வீட்டுக்கு வந்து அச்சைப் பாத்தா வெடிப்பு எதுவும் இணைகோடு இல்ல, ஒண்ணோட ஒண்ணு பின்னிப் பின்னிப் பிரியுது, தலைமுடி பின்னல் அவுந்த மாதிரி. அதுக்கு முன்னால நூறு தடவ பாத்திருப்பேன், இது தெரியல.

கனடாவுல எமிலி கார்னு ஒரு அம்மா, 1930கள்ல பெரிய தேவதாரு காடுகள்ல கேரவன்ல தங்கி வரைஞ்சவங்க, ஆயில் பெயின்ட்ல பெட்ரோல கலந்து மலிவான பழுப்புத் தாள்ல தண்ணியா இழுப்பாங்க. தடிமனே கிடையாது, ஆனாலும் மரமெல்லாம் மூச்சு விடுற மாதிரி அசையும். சொரசொரப்புன்னா மேடு பள்ளம் மட்டும்தான்னு நெனைச்சுட்டிருந்த எனக்கு அந்தப் படங்கள்தான் பதில் சொல்லுச்சு, கோடு போற தெசையும் சொரசொரப்புதான். (எச்டிபி அடுக்குமாடி வீட்டுல பெட்ரோல் வேலையெல்லாம் வேண்டாம், அக்ரிலிக்ல தண்ணி கூட்டினாலே அந்த ஓட்டம் வரும்.)

அப்புறம் நம்ம ஊரு ஈரத்துக்குப் படத்த அலமாரிக்குள்ள சுவத்த ஒட்டி வைக்காதீங்க, பூஞ்சை பிடிச்சு என்னோட மூணு படம் போச்சு.

மேக்ரிச்சி_காலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பஸ்ல வரும்போது ரெண்டு தடவ படிச்சுட்டேன். சார் சொன்ன வட்டத்த இன்னிக்கு வீட்டுக்குக் கீழயே பாத்தேன், நெசமாவே வட்டம்!

ஆனா தனிமை இன்னும் புரியல. பழைய_தூரிகை அண்ணே ஆள் வேண்டாங்கிறாரு, டீச்சர் வேணுங்கிறாங்க. ஆள் இல்லாத காடு எல்லாமே தனிமையா தெரியாதே, சிலது வெறும் காலி எடமா தெரியுதே, அது ஏன்?

கார்_மாலை:

இந்தக் கேள்விக்காகத்தான் உள்ள வந்தேன். நான் தமிழாசிரியை, ஓவியம் பாக்க மட்டும் தெரியும், அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில சொல்றேன்.

நம்ம திணையில ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மனநிலை உண்டுன்னு எல்லாரும் உயர்நிலையில படிச்சிருப்போம். தனிமைன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றத அவங்க பிரிச்சு வச்சிருக்காங்க. பாலைக்குப் பிரிதல், கடற்கரைக்கு இரங்கல், அதாவது அழுது புலம்புறது. காட்டுக்கு, முல்லைக்கு என்ன தெரியுமா? இருத்தல். மழைக்காலம், மாலை நேரம், தலைவி வீட்டுல இருக்கா, போனவரு சொன்ன பருவத்துல திரும்பி வருவாருன்னு உறுதியா நம்பி ஆத்திக்கிட்டு இருக்கா. அதுவும் தனிமைதான், ஆனா உடைஞ்ச தனிமை இல்ல. நீங்க முதல்ல எழுதுனீங்களே "பயமும் இல்ல, ஏக்கமும் இல்ல"ன்னு, அதப் படிச்சப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு. நீங்க நின்னது மாலையில இல்ல, காலையில. ஆனா இருந்தது இருத்தல்ல.

அதனால ஆள் போடலாமா வேண்டாமாங்கிறத விட எந்தத் தனிமைங்கிறதுதான் கேள்வின்னு தோணுது. ஜெர்மனிக்காரர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1814 வாக்குல ஒரு படம் வரைஞ்சாரு, பனி மூடின ஃபர் மரக்காடு, அதுக்கு முன்னால நமக்கு முதுகு காட்டி ஒரே ஒரு பிரெஞ்சு சிப்பாய், பின்னால வெட்டின மரத்து மேல ஒரு காக்கா. நெப்போலியன் படை தோத்துக்கிட்டு இருந்த காலம் அது. அந்த ஆளு காட்டுக்குள்ள போயிட்டா திரும்பி வர மாட்டாருன்னு பாத்ததுமே தெரியும். அந்தப் படத்துல ஆள எடுத்துட்டா ஒண்ணுமே இல்ல, இங்க நான் பழைய_தூரிகை ஐயாவோட ஒத்துப் போகல. ஆனா அது பிரிதல், மேக்ரிச்சி காலைக்கு அது ஒட்டாது. உங்க டீச்சர் சொன்னது தப்பு இல்லம்மா, அது வேற திணை.

காலி எடத்துக்கும் தனிமைக்கும் வித்தியாசம் கேட்டீங்க. ஜப்பான்ல ஹாசெகாவா தோஹாக்கு 16ஆம் நூற்றாண்டுக் கடைசியில வரைஞ்ச பைன் மரத் திரைகள நெட்ல பாருங்க, வெறும் மை, பாதிக்கு மேல ஒண்ணுமே வரையாத தாள். ஆனா அது காலியா தெரியல, மூடுபனிக்குப் பின்னால மரம் நிக்குதுன்னு நமக்குத் தெரியுது, கொஞ்ச நேரம் நின்னா பனி வெலகும்னு நிக்கிறோம். ஏதோ ஒண்ணு இன்னும் வரல, வரும், அப்படிங்கிற உணர்வு இருந்தா அது தனிமை. அது இல்லன்னா காலி எடம். உங்க கீத்து வெளிச்சம் அஞ்சு நிமிஷத்துல போயிடும்ங்கிறது படத்துல தெரியணும், எப்படின்னு ஓவியர்கள்தான் சொல்லணும்.

பழைய_தூரிகை:

ஃப்ரீட்ரிக் விஷயத்துல டீச்சரம்மா சொல்றது சரி, நான் அந்தப் படத்த மறந்துட்டேன்.

போயிடுற வெளிச்சத்துக்கு ஒரு வழி இருக்கு. வெளிச்சம் விழுற எடத்துக்குப் பக்கத்துலயே, இப்பத்தான் வெளிச்சம் வெலகிப் போன மாதிரி ஒரு எடம் வைங்க. அதே பச்சை, ஆனா ரெண்டு படி கம்மி, ஓரத்த ஈர விரலால கரைச்சு விடுங்க. கண்ணு ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு நகரும், அப்ப நேரம் நகரும். அப்புறம் பாதையப் போடாதீங்க. பாதை இருந்தா பாக்குறவன் நடந்து வெளிய போயிடுவான், நீங்க நிக்கத்தானே வைக்கணும்.

டெம்புசு_பட்டை:

பாதை வேண்டாங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன் அண்ணே, கால் வைக்க ஒரு எடம் இல்லன்னா பாக்குறவங்க படத்துக்குள்ளயே வர முடியாது. பாதையா வேண்டாம், கீழ் ஓரத்துல ரெண்டு கால் அகலத்துக்கு இலைச்சருகு கெடக்கிற தரை மட்டும் விடலாம்.

புக்கித்_தீமா_பேரன்:

எல்லாரும் தனிமை பத்திப் பேசுறீங்க, எனக்கு வேற ஒரு படம் ஞாபகம் வருது. சிங்கப்பூர் காட்டுலயே நடந்தது, 1835ல கட்டடக் கலைஞர் கோல்மன் ரோடு அளந்துக்கிட்டு இருக்கும்போது புலி பாஞ்சதைப் பின்னாள்ல ஹைன்ரிக் லாய்ட்டமன் மரச்செதுக்கு அச்சுல போட்டாரு. அளக்குற கருவி சாயுது, கோல்மனச் சுத்தி தடுமாறி விழுறவங்க எல்லாம் இந்தியாவுலேர்ந்து கொண்டு வந்த கைதிங்க. பின்னால காடு, கொடியும் இலையுமா ஒரு விரக்கடை விடாம கோடு கோடா செதுக்கின அடர்த்தி, வெளிச்சம் நுழைய எடமே இல்ல. இந்தக் காட்டை வெட்டி ரோடு போட்டவங்க அவங்கதான், அவங்க யாருக்கும் தனியா நிக்க நேரம் கெடைச்சிருக்காது. இன்னிக்கு புக்கித் தீமாவுல மிச்சம் இருக்கிறது 163 ஹெக்டேர் வாக்குல. அங்க தனியா நிக்கும்போதெல்லாம் அவங்கள நெனைச்சுக்குவேன்.

மேக்ரிச்சி_காலை:

ரெண்டு வாரமாச்சு, நடந்ததச் சொல்லிடுறேன்.

புக்கித்_தீமா_பேரன் எழுதுனதப் படிச்சுட்டு ரெண்டு நாள் தூரிகையத் தொடல. நான் நின்ன வளைவு யாரோ வெட்டிக் கொடுத்த பாதைன்னு எனக்குத் தோணவே இல்ல இதுவரைக்கும்.

போன லீவுல மூணே அளவுல பென்சில் கிறுக்கல் எடுத்துட்டு வந்தேன். பெரிய கேன்வாஸ் வேண்டாம்னு பிராஸ் பசாவுல 20க்கு 25 சென்டிமீட்டர் பலகை ஒண்ணு வாங்கி, முழுக்க அம்பரும் அல்ட்ராமரீனும் பூசிக் காய விட்டேன். மூணு ராத்திரி இருட்டுக்கு மட்டும் போச்சு. மெல்லிசா, ஒண்ணு மேல ஒண்ணு. நாலாவது ராத்திரி வேரோட விளிம்ப டியூப்லேர்ந்து பிதுக்கி ஒரே இழுப்பு, கை நடுங்குச்சு, ஆனா திருத்தல. அதுல நகம் அளவுக்கு மஞ்சப் பச்சை. பக்கத்துல ரெண்டு படி கம்மியா இன்னொண்ணு, விரலால கரைச்சேன். கீழ கொஞ்சம் சருகுத் தரை விட்டேன், பாதை போடல.

மொதல் தடவையா பச்சைச் சுவரு இல்ல. வலப்பக்க மூலை இன்னும் சேறு மாதிரிதான் இருக்கு, அத மறுபடி செய்யணும்.

காலையில அம்மா காபி கொண்டு வந்து வச்சுட்டு படத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "இங்க யாரு வரப் போறா?"ன்னு கேட்டாங்க. திணை பத்தியெல்லாம் அவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லல.

டெம்புசு_பட்டை, ஒண்ணு கேக்கணும். அந்தத் தடிமன் இழுப்பு காஞ்சதும் மேல் ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விட்டிருக்கு. அப்படியே விட்டுடலாமா, இல்ல கிளேஸ், அதான் கண்ணாடி மாதிரி மெல்லிசான பூச்சு, பூசி மூடணுமா?